பள்ளிச் சோற்றின் வரலாறும் பருமன் என்னும் புதுப் பகையும்

குடிமக்களின் உணவில் அரசு தலையிடலாமா என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததைப் போலப் பலர் பேசுகின்றனர். பிள்ளைகளின் உடல் பருத்து வருகிறது, அரசு ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். பிள்ளை என்ன தின்பது என்பது தாய் தந்தையரின் பொறுப்பு, அதில் அரசுக்கு என்ன வேலை என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இவ்விரு சாராரும் தமிழகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராயின், இந்த வழக்கு இம்மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டதை அறிவர். அரசு பிள்ளையின் தட்டருகே வந்து உட்கார்ந்தது நெடுநாளைய செய்தி. அது எதற்காக வந்தது, எப்படி வந்தது, இனி என்ன செய்யவேண்டும் என்பதையே நாம் இங்கே ஆராயப் புகுகிறோம். அதற்கு உரைகல்லாகக் கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையையும் எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் கரும்பும் மலைமேல் சாமையும் விளைந்த அந்த நிலப்பகுதியில், பசி, பருமன் என்னும் இரண்டு பகைகளையும் அருகருகே வைத்துக் காணலாம்.

அளந்து குறைத்த அரசு

சென்னை மாகாணத்தில் அரசு மக்களின் உணவை எடைபோட்டுப் பார்க்கத் தொடங்கிய காலங்களுள் ஒன்று, மிகக் கொடிய காலமாகும். 1876 முதல் 1878 வரை நிலவிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று குறித்தனர். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்தால் உயிர் தரிக்கும் என்று கணக்கிட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று முடிவு கட்டினார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். நாளெல்லாம் மண் சுமக்கும் மனிதனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். கூலியும் பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் மாண்டவர் மிகப் பலர்.

இந்நிகழ்ச்சியை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. உணவை அளப்பது என்னும் அறிவு, கருவூலத்தைக் காக்கவும் பயன்படும், மனிதனைக் காக்கவும் பயன்படும். டெம்பிள் அளந்ததும் எடைதான், கார்னிஷ் அளந்ததும் எடைதான். இருவரின் நோக்கம் மட்டுமே வேறு. பிள்ளைகளின் உணவைப்பற்றி அரசு இடும் ஒவ்வொரு கட்டளையையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும்.

ஓரணாவில் பிறந்த திட்டம்

அந்த ஓரணா நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வடிவில் திரும்பி வந்தது. சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபோது, 1920 செப்டம்பர் 16ஆம் நாள், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாரான், வந்தாலும் பாடம் அவன் செவியில் ஏறாது என்னும் எளிய உண்மையே அத்தீர்மானத்தின் அடிப்படை. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசு தடை செய்ததால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. 1927இல் மீண்டும் உயிர்பெற்றது.

அதே 1920ஆம் ஆண்டில் அதே சென்னை நகரில் மற்றொரு விதையும் ஊன்றப்பட்டது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நாடெங்கும் பள்ளிகளில் விசிலோடு நின்ற ஆசிரியர்களுள் பலர் அக்கல்லூரியின் வழிவந்தவர்களே. பிள்ளைக்கு உணவு, பிள்ளைக்கு ஓட்டம் ஆகிய இரண்டும் ஓராண்டில் ஓரூரில் பிறந்தும் இணைந்து வளரவில்லை. உணவு சமூகநலத்தின் பக்கம் சென்றது. ஓட்டமோ பாட அட்டவணையின் கடைசிக் கட்டத்துக்குச் சென்றது. இந்தப் பிரிவினையின் விலையையே நாம் இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் கூடி ஊட்டிய காலம்

விடுதலைக்குப் பின், முதலமைச்சர் காமராசரும் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் முனைந்து நின்று, 1956இல் ஏழை மாணவர்க்கான மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுசென்றனர். பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு சாப்பாட்டின் செலவு பத்துக்காசு. அதில் ஆறுகாசை அரசு கொடுத்தது. எஞ்சியதை ஊரார் கொடுத்தனர். நெல்லாகவும் பருப்பாகவும் விறகாகவும் பாத்திரமாகவும் மக்கள் வழங்கினர். 1961 முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால்தூளும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் பள்ளியில் பயின்றவர்க்கு அந்தப் பாலின் மணம் இன்னும் மறந்திராது.

1982 ஜூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், ஊராரின் தயவை நம்பியிருந்த ஏற்பாட்டை அரசின் கடமையாக மாற்றியது. முதலில் சிற்றூர்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கும், அவ்வாண்டு செப்டம்பரிலேயே நகரப் பிள்ளைகளுக்கும், 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரையிலான மாணவர்க்கும் அது விரிந்தது. இவ்வளவு பணம் சோற்றுக்கா என்று அறிஞர் சிலரே அன்று நகைத்தனர். தொழிற்சாலை கட்டலாமே, அணை கட்டலாமே என்றனர். ஆனால் 1995இல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டத்தை அறிவித்ததும், 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் சமைத்த உணவையே பள்ளிகளில் வழங்கவேண்டும் என்று ஆணையிட்டதும் தமிழகத்தின் வழியையே பின்பற்றின. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கிவிட்டது.

வயிற்றை நிரப்புவது வேறு, உடலை வளர்ப்பது வேறு என்னும் தெளிவு மெல்ல மெல்லவே வந்தது. 1989இல் முதலமைச்சர் கருணாநிதி இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார். அது 1998இல் வாரம் ஒன்றாயிற்று. பின்னர் இரண்டாகி, மூன்றாகி, 2010இல் வாரம் ஐந்து முட்டை என நிலைபெற்றது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டை ஐந்தாவதற்கு இருபத்தோராண்டு பிடித்தது என்பதையும், இடையில் வந்த எந்த ஆட்சியும் அதைப் பறிக்கத் துணியவில்லை என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாதமும் மசாலா முட்டையும் சேர்ந்தன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் சேர்ந்த 1,545 பள்ளிகளுள் 237 பள்ளிகள் மலைப்பகுதிகளிலும் எட்டாத ஊர்களிலும் இருந்தவை. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் சிற்றூர்களின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரங்களின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தியாகராயரின் காலத்தில் ஒரு பள்ளிக்கு வந்த சிற்றுண்டி, நூறாண்டு கழிந்து இருபது லட்சம் பிள்ளைகளை எட்டியது.

மலைமேல் நடந்தது

இனிக் கல்வராயனுக்கு வருவோம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கும் இம்மலையின் ஒருபுறம் சேலம் மாவட்டத்திலும், மறுபுறம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கும். கள்ளக்குறிச்சி வட்டாரம் முன்பு தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரத்திலும் அடங்கியிருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இம்மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் மூவரின் ஆளுகையில் இருந்தது. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். 'ஜா' என்றால் இடம், 'கீர்' என்றால் பற்றுதல். இடத்தைப் பற்றியவன் மனிதனையும் பற்றிக்கொண்டான். குடிகள் வரியும் கொடுத்தனர், கூலியில்லா வேலையும் செய்தனர். நாடு 1947இல் விடுதலை அடைந்தது. இம்மலையோ 1976இல்தான் ஜாகீர் முறை ஒழிந்து அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டயபுரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிய 1956இல் கல்வராயன் மக்கள் இன்னும் ஜாகீரின் குடிகளாகவே இருந்தனர். பள்ளிக்கூடத்தின் வழியாக வரும் உணவு, பள்ளி உள்ள ஊருக்கே வரும். பள்ளிக்குப் பாதை வேண்டும், பாதைக்கு ஆட்சி வேண்டும். எந்தத் திட்டமும் மலைக்குப் பிந்தியே வந்ததற்கு இதுவே காரணம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாடறியும். அதன் பின்னரே கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு மலையின் குறைகள் நீதிமன்றத்தின் செவியை எட்டுவதற்கு அடிவாரத்தில் அத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது என்பது நெஞ்சைச் சுடும் செய்தி.

ஆயினும் உணவு வகையில் அம்மலை ஒருபோதும் வறிய மலை அன்று. சாமையும் தினையும் கேழ்வரகும் வரகும் அங்கே விளைந்தன. காட்டுக் கீரையும் கிழங்கும் தேனும் கிடைத்தன. பின்னர் மரவள்ளியும் மக்காச்சோளமும் காசு தரும் பயிர்களாக மலையேறின. இதே மாற்றத்தை அண்டையிலுள்ள கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். நியாயவிலைக் கடையின் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாயாகவும், 2011 ஜூனில் விலையில்லாமலும் ஆயிற்று. பஞ்ச காலத்து நினைவுடையோர் இதைக் குறைகூற மாட்டார்கள், நாமும் கூறோம். பட்டினி போயிற்று என்பது பெரும்பேறு. ஆனால் தோலுரித்து உமி நீக்கிச் சமைக்கப் பெரும்பாடு படவேண்டிய சாமை, அரிசிக்கு முன் நிற்க முடியாமல் பின்வாங்கியது. அதனோடு நாரும் இரும்புச் சத்தும் தட்டைவிட்டுப் பின்வாங்கின.

அடிவாரத்தின் இனிப்பு

மலையிலிருந்து இறங்கினால் கரும்புக் காடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. உழவர்க்கு வாழ்வளிக்கும் ஆலைகள் அவை. அவற்றின்மேல் குற்றமில்லை. ஆனால் சர்க்கரை மலிந்த உலகில் பிறந்த பிள்ளையின் நிலை, சர்க்கரையைத் திருவிழாவில் மட்டும் கண்ட பிள்ளையின் நிலையினின்றும் வேறானது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் பெட்டிக்கடை வாயிலில் சரஞ்சரமாகத் தொங்கும் பாக்கெட் தின்பண்டங்கள் எந்தக் குக்கிராமத்தையும் எட்டிவிட்டன. சாலை எட்டாத ஊருக்கும் அவை எட்டிவிடுகின்றன.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு தமிழகத்தைப்பற்றிக் கூறுவதைக் காண்போம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்குரிய உயரமின்றிக் குன்றியிருந்தனர். வளர்ந்த பெண்களுள் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களுள் நூற்றுக்கு 37 பேரும் எடை மிகுந்திருந்தனர். ஒரே மாநிலம், ஒரே ஆய்வு. குன்றிய பிள்ளையும் பருத்த தாயும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகள் உண்டென்பதை இக்கணக்கிலிருந்து உணரலாம். இந்தியா முழுவதிலும் எடை மிகுந்த சிறு பிள்ளைகளின் விகிதம் 2015-16இல் 2.1 ஆக இருந்து, அடுத்த ஆய்வில் 3.4 ஆயிற்று. உலக அளவிலோ, பள்ளி வயதுப் பிள்ளைகளுள் மெலிந்தவரைவிட மிகைப்பருமன் உற்றவர் கூடிவிட்டனர் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப் 2025இல் அறிவித்தது. மனித வரலாற்றில் இதற்கு முன் கேட்டிராத செய்தி இது.

சொல்லும் மருத்துவமும்

அரபு மொழியில் 'ஸம்ன்' என்றால் நெய். அதே வேரிலிருந்து பிறந்த 'ஸிமன்' என்பது பருமன். தமிழிலும் 'கொழு' என்னும் வேரினின்று கொழுமையும் வந்தது, கொழுப்பும் வந்தது. கொழுமை செழிப்பைக் குறிக்கும். கொழுப்போ உடலின் கொழுப்பையும் உள்ளத்தின் செருக்கையும் குறிக்கும். பஞ்சத்தில் வாழ்ந்த மக்களுக்குப் பருமன் செல்வத்தின் அடையாளமாகத் தோன்றியது இயல்பே. 'பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது' என்பது இன்றும் நம் வீடுகளில் வாழ்த்துரை. மொழியில் ஊறிய இந்த மதிப்பீட்டை ஓர் அரசாணையால் மாற்ற இயலாது.

ஆயினும் மருத்துவ நூலார் முற்காலத்திலேயே விழிப்பாக இருந்தனர். கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா தம் 'கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் மிகைப் பருமனின் தீங்குகளைத் தனியே பேசினார். அந்நூலில் பிள்ளை வளர்ப்பைப்பற்றிய பகுதியில், உறங்கி எழுந்த பிள்ளைக்கு நீராட்டு, பின் விளையாட்டு, பின் சிறிது உணவு, மீண்டும் நீண்ட விளையாட்டு என்று ஒரு வரிசை வகுத்தார். ஆறு வயதில் ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போதும் ஒரேயடியாக ஏட்டோடு பிணைத்துவிடலாகாது என்றும் எச்சரித்தார். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது என்பதைத் தமிழன்பர் அறிவர். இப்னு ஸீனாவும் வள்ளுவமும் ஒத்துரைக்கும் செய்தி இது: உணவின் அளவும் உடலின் அசைவும் பிரிக்கலாகாதவை.

சீமையின் பாடம்

இங்கிலாந்தின் வரலாறு இவ்வகையில் நமக்கு நல்ல பாடம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள்சேர்க்கையில், வந்த இளைஞர் பலர் உடல் தகுதியற்றுத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆளும் வர்க்கம் அதிர்ந்தது. 1904இல் ஒரு குழு ஆராய்ந்தது. 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சட்டம் வந்தது. 1907இல் பள்ளி மருத்துவச் சோதனைக்கும் சட்டம் வந்தது. பசியை வெல்லப் பிறந்த அந்தப் பள்ளி உணவே, நூறாண்டில் பருமனுக்கு எதிரான கருவியாக மாறவேண்டியதாயிற்று. 2005-06ஆம் கல்வியாண்டு முதல் பள்ளியில் நுழையும் வயதிலும் தொடக்கக் கல்வி முடியும் வயதிலும் பிள்ளைகளின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. 2016இல் பிள்ளைப் பருமனுக்கு எதிரான திட்டம் ஒன்று வெளியாயிற்று. 2018 ஏப்ரலில் இனிப்புக் குளிர்பானங்களின்மேல், நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராமுக்கு மேல் இருந்தால் கூடுதல் வரி என்று விதித்தனர். வரிக்கு அஞ்சிய ஆலைக்காரர்கள் தாமே சர்க்கரையைக் குறைத்தனர். நல்லுரை சொல்லித் திருந்தாத வணிகம், வரியால் ஓரளவு திருந்தியது.

ஆனால் பாடம் முழுமை அடையவில்லை. இத்தனைக்குப் பின்னும் அந்நாட்டில் ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே பிள்ளைப் பருமன் மிகுதி. மலிவான உணவு சத்தற்றதாகவும் சத்தான உணவு விலை கூடியதாகவும் இருக்கும் வரையில் பருமன் ஏழையின் வீட்டைத் தேடியே செல்லும். செல்வர் நோய் என்று நாம் எண்ணியிருப்பது நாளை ஏழையின் நோயாகும்.

ஒரே கயிற்றின் இரு முனை

இங்கே ஒரு தடையை எழுப்புவர். கல்வராயனில் பிள்ளை மெலிந்திருக்கும்போது பருமனைப்பற்றிப் பேசுவது பொருத்தமா என்பர். தக்க கேள்விதான். விடையையும் வரலாறே தருகிறது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் செர்மானியரின் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்பஞ்சத்தின்போது கருவின் முற்பகுதியில் பசியுற்றவர்கள், பத்தொன்பது வயதில் படைச்சேர்க்கைக்கு வந்தபோது மற்றவரைவிட மிகுதியாகப் பருத்திருந்ததை ஆய்வாளர் கண்டனர். புனே நகரின் மருத்துவ அறிஞர் யாஜ்னிக், நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தும் உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கருவிலும் மழலையிலும் பசித்த உடல், பின்னர்க் கிடைக்கும் உணவைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கிறது. நீரிழிவும் இதயநோயும் அங்கே காத்திருக்கின்றன.

ஆகவே பசியும் பருமனும் ஒரே கயிற்றின் இரு முனைகள். மலையில் இன்று கருவுற்ற தாயைப் பட்டினி போட்டால், நாளை அப்பிள்ளை அடிவாரத்து ஆலையில் வேலைபார்க்கும் நாற்பது வயதில் நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும். பருமனை ஒழிக்கிறோம் என்று கூறி ஏழைப் பிள்ளையின் முட்டையிலும் எண்ணெயிலும் கைவைப்பது, மீண்டும் டெம்பிளின் தராசைத் தூக்குவதாகும். கார்னிஷின் தராசே நமக்கு வேண்டுவது.

செய்யத்தக்கவை

முதலாவது, இருப்பதை நடத்துவதாகும். காலை உணவுத் திட்டத்தின் ஆணையிலேயே, அந்தந்த வட்டாரத்தில் விளையும் சிறுதானியத்தை வாரத்தில் இரு நாளேனும் சேர்க்கவேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. கல்வராயனில் சாமையைவிட வட்டாரத் தானியம் வேறேது? வெள்ளிமலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு வேண்டிய சாமையை மலை உழவரிடமே கொள்முதல் செய்து, உமி நீக்கும் பொறியை மகளிர் குழுக்களின் கையில் கொடுத்தால், பிள்ளைக்குச் சத்தும் தந்தைக்கு வருவாயும் ஒருங்கே கிட்டும். மரவள்ளியை விட்டு உழவன் சாமைக்குத் திரும்ப ஒரு நிலையான வாங்குவோன் வேண்டும். பள்ளிச் சமையற்கூடத்தைவிட நிலையான வாங்குவோன் இல்லை.

இரண்டாவது, பள்ளி வாயில். பள்ளிகளில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது, பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. விதி அரசிதழில் இருக்கிறது, பண்டம் பெட்டிக்கடையில் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர் பெரும்பாலும் விதவையோ முதியவரோ ஆவர். அவர்களை விரட்டுவதைவிட, கடலை உருண்டையும் கொய்யாவும் சுண்டலும் விற்க உதவுவதே அறம். ஆலைக்காரனை விட்டுவிட்டுப் பெட்டிக்கடைக் கிழவியைத் தண்டிக்கும் சட்டம் எங்கும் நிலைத்ததில்லை.

மூன்றாவது, விளையாட்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கும் பள்ளியிலும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வதும், அக்கடன் திரும்பாததும் ஆசிரியர் உலகம் அறிந்த செய்தி. நாமும் ஆசிரியர் என்பதால் உரிமையோடு கூறுகிறோம்: பிள்ளையின் ஓட்டத்தைப் பறித்துக் கொடுக்கும் மதிப்பெண், கொள்ளையடித்த பொருளில் செய்த தருமம் போன்றது. மக்தபுகளும் மதரஸாக்களும் இதற்கு விலக்கல்ல. விடியலில் ஓதி, பகலில் பள்ளியில் அமர்ந்து, மாலையில் மீண்டும் ஓதும் பிள்ளைக்கு ஓடியாட ஒரு நாழிகை ஒதுக்கவேண்டியது நம் கடமையுமாகும்.

நான்காவது, அளவை. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சிறு பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை தளர்ந்த பிள்ளைக்கு மட்டும் தனி உணவளித்து, தேறியதும் நிறுத்தியது. அந்த முறையின் பெருமை அதன் தராசில் இருந்தது. அதே தராசு இன்று மெலிந்த பிள்ளையையும் காட்டும், பருத்த பிள்ளையையும் காட்டும். ஆனால் அளந்ததைத் தாயிடம் தனியே மெல்லச் சொல்லவேண்டும். வகுப்பறையில் உரக்கப் படித்தால், பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர்தான் மிஞ்சும். அவமானம் எந்த நோயையும் தீர்த்ததில்லை.

நிறைவாக

1877இல் ஒரு பவுண்டு தானியத்தில் தொடங்கி, 1920இல் ஓரணாச் சிற்றுண்டியாகி, ஊர் கொடுத்த விறகாலும் நீதிமன்றம் கொடுத்த ஆணையாலும் வளர்ந்து, இன்று காலையும் நண்பகலும் பரிமாறப்படும் உணவு இது. இதை ஒருவர் தரவில்லை, ஒரு கட்சியும் தரவில்லை. நூறாண்டுக் காலம் பல கைகள் சேர்ந்து ஊட்டியது. அடுத்த நூறாண்டுக்குரிய வேலை சற்று நுண்மையானது. மெலிந்த பிள்ளைக்கு மேலும் ஒரு கரண்டி, பருத்த பிள்ளைக்கு மேலும் ஒரு நாழிகை விளையாட்டு, இருவருக்கும் ஒரே பந்தி என்பதே அதன் சுருக்கம். கரும்பு விளையும் அடிவாரமும் சாமை விளையும் மலையும் ஒரே மாவட்டத்தின் பிள்ளைகள். பந்தியில் மலைப் பிள்ளைக்கு முதலில் பரிமாறட்டும். நெடுநாள் காத்திருந்தது அதுதான்.